விருந்தினர் கட்டும் பணம், விடுதிக்காரர் பிடிக்கும் கடிவாளம்

அமெரிக்காவின் சான் டியாகோ நகர மையத்தில், மாநாட்டு மண்டபத்தை ஒட்டிய பெரிய ஓட்டல் ஒன்றில் 200 டாலர் வாடகைக்கு ஓர் இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். காலையில் அறையைக் காலி செய்யும்போது நீட்டப்படும் பில்லில், வாடகைக்குக் கீழே மூன்று தொகைகள் தனித்தனியாக இருக்கும். நகரின் தங்கல் வரி 13.75 சதவீதம், அதாவது 27 டாலர் 50 சென்ட். சுற்றுலாச் சந்தைப்படுத்தல் கட்டணம் 2 சதவீதம், அதாவது 4 டாலர். கலிபோர்னியா மாநிலச் சுற்றுலா விளம்பரத்துக்கு 39 சென்ட். இதையெல்லாம் யாரும் நின்று படிப்பதில்லை. விமானத்துக்கு நேரமாகியிருக்கும்.

முதல் தொகை நகராட்சிக் கருவூலத்துக்குப் போகிறது. நம் ஊரில் ஓட்டல் அறைக்குக் கட்டும் ஜிஎஸ்டியை மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே அறை வரி நேராக நகரத்துக்கே வருமானம். அதைச் செலவழிப்பது நகரமன்றம், கேள்வி கேட்பது வாக்காளர். இதில் புதுமை எதுவும் இல்லை. அந்த 4 டாலரின் கதை வேறு. வசூலிப்பது நகர நிர்வாகம்தான். ஆனால் என்ன செய்வதென்று முடிவெடுப்பது விடுதிக்காரர்களே இயக்குநர்களாக உட்கார்ந்திருக்கும், லாப நோக்கமற்ற ஒரு தனி அமைப்பு. பணம் தருகிறவர் வெளியூர்க்காரர், வசூலிக்க அதிகாரம் தருவது நகரம், செலவழிப்பது தொழில்துறை. இப்படி ஓர் ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால், உலகின் பல நகரங்களில் சுற்றுலா விளம்பரத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும், அதில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதும் விளங்கும்.

சான் டியாகோ தங்கல் வரியைத் தொடங்கியது 1964இல். அப்போது 4 சதவீதம். படிப்படியாக ஏறி 1994இல் 10.5 சதவீதத்துக்கு வந்தது. அரசியல்வாதிக்கு இதைவிட இதமான வரி கிடையாது. கட்டுகிறவருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. வரி ஏறினாலும் அவர் ஊர்வலம் போக மாட்டார். இரண்டு நாளில் ஊருக்குத் திரும்பிவிடுவார். இருந்தாலும் விடுதிக்காரர்களைச் சமாதானப்படுத்த ஒரு நியாயம் வேண்டுமே? 'உங்கள் விருந்தினரிடம் வாங்குவதில் ஒரு பகுதியை உங்களுக்கு விருந்தினரைக் கொண்டுவரவே செலவிடுகிறோம்' என்பதுதான் அந்த நியாயம். நகரச் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு டாலர் வாடகைக்கும் வசூலாகும் பத்தரை சென்டில் 4 சென்ட் நகரை மேம்படுத்தி விளம்பரப்படுத்த, 1 சென்ட் மன்றத்தின் விருப்பப்படி, மீதி ஐந்தரை சென்ட் பொதுச் செலவுக்கு.

விளம்பரப்படுத்துவது என்ற சொல்லுக்குள் எதைத்தான் அடக்க முடியாது? அருங்காட்சியகத்துக்குத் தரலாம், பூங்காவுக்குத் தரலாம், பயணிகள் நடமாடும் தெருக்களின் பராமரிப்புச் செலவையும் அதில் எழுதலாம். 2000களின் தொடக்கத்தில் ஊழியர் ஓய்வூதிய நிதிக் குழறுபடியால் நகரத்தின் கஜானா ஆட்டம் கண்டது. கை வறண்ட நகரமன்றத்துக்கு முதலில் கண்ணில் படுவது விளம்பரச் செலவுதான். தீயணைப்பு வண்டிக்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்த மன்ற உறுப்பினரும் வண்டியைத்தான் தேர்ந்தெடுப்பார். அதைக் குறை சொல்லவும் முடியாது.

வரியை 13 சதவீதமாக உயர்த்தலாம் என்று 2004இல் இரண்டு முறை மக்களிடம் போனார்கள், இரண்டு முறையும் தோற்றார்கள். மார்ச்சில் பெரும்பான்மையோர் ஆதரித்தும் பலிக்கவில்லை. காரணம் கலிபோர்னியாவின் சட்டம். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று ஒதுக்கப்படும் உள்ளூர் வரிக்கு வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும். 1978இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவும் 1996இன் 218ஆம் முன்மொழிவும் சேர்ந்து போட்ட பூட்டு அது. பொதுச் செலவுக்கான வரியென்றால் பாதிக்கு மேல் போதும். ஆனால் அந்தப் பணம் விளம்பரத்துக்குத்தான் வரும் என்று எழுதித் தர முடியாது. ஒதுக்கினால் நிறைவேறுவது கடினம், ஒதுக்காவிட்டால் வந்து சேருவது நிச்சயமில்லை.

பூட்டை உடைக்காமல் பக்கத்துக் கதவு வழியாகப் போக ஒரு வழி இருந்தது. கடைத்தெரு வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து தங்கள் தெருவுக்கு விளக்கும் துப்புரவும் கூடுதல் காவலும் வைத்துக்கொள்ளத் தமக்குத் தாமே கட்டணம் விதித்துக்கொள்ளும் முறை அமெரிக்காவில் பழையது. அதற்குப் பொதுவாக்கெடுப்பு தேவையில்லை. கட்டப்போகிற வியாபாரிகளின் ஒப்புதல் போதும். அதே முறையை விடுதிகளுக்குப் பொருத்தினார்கள். சான் டியாகோவில் தெருவுக்குப் பதிலாக நகரம் முழுவதுமே ஒரு வட்டாரம், ஆனால் அதற்குள் கட்டணம் கட்டும் உறுப்பினர்கள் விடுதிகள் மட்டும். ஒப்புதலை ஆளுக்கு ஓர் ஓட்டு என்று எண்ணுவதில்லை. யார் எவ்வளவு கட்டப்போகிறாரோ அவ்வளவு எடை அவர் குரலுக்கு. 2008 ஜனவரியில் 2 சதவீதக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் இப்படிப்பட்ட சுற்றுலா வட்டாரங்கள் நூறுக்கும் மேல்.

விளம்பரம் செய்ய வேண்டுமென்றால் ஓட்டல்காரர்களே கையிலிருந்து போட்டுச் செய்ய வேண்டியதுதானே என்று கேட்கலாம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டிக் காயும் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில், கடற்காற்றுக்கு வாருங்கள் என்று சான் டியாகோ ஓட்டல் ஒன்று தன் செலவில் விளம்பரம் கொடுக்கிறது என்று கொள்வோம். அதைப் பார்த்து ஒரு குடும்பம் காரில் கிளம்புகிறது. வந்து சேர்ந்ததும் அவர்கள் தங்குவது அடுத்த தெருவில், பத்து டாலர் மலிவான ஓட்டலில். விளம்பரம் கொடுத்தவருக்குச் செலவு, கொடுக்காதவருக்கு வரவு. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதன் தர்க்கமும் இதுதான்: வரி கொடுக்காத வீட்டுக்கும் நாகஸ்வரம் கேட்கத்தான் செய்யும் என்பதால், எல்லார் தலையிலும் கட்டாயமாக விழுந்தால்தான் மேளம் வரும். விருப்பச் சந்தாவில் நகர விளம்பரம் நடத்தினால் சந்தா தராதவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போக வாய்ப்பு அதிகம்.

இந்தத் தர்க்கத்துக்குச் சாட்சியாகச் சுற்றுலாத் துறையினர் சலிக்காமல் சொல்லும் கதை கொலராடோ. அந்த மாநிலத்தில் சுற்றுலா விளம்பரத்துக்காக இருந்த 0.2 சதவீத வரியை நீட்டிக்க 1993இல் வாக்காளர்கள் மறுத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டாலராக இருந்த விளம்பர நிதி ஒரேயடியாகப் பூஜ்யமானது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் விடுமுறைப் பயணச் சந்தையில் கொலராடோவின் பங்கு 30 சதவீதம் சரிந்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. கதை வலுவானதுதான். ஆனால் அந்த ஆய்வைச் செய்தது சுற்றுலா வாரியங்களுக்கு ஆய்வு செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளம்பரத்தால் வந்தவர் யார், எப்படியும் வந்திருப்பவர் யார் என்று பிரித்துக் காட்டுவது இந்தத் துறையின் தீராத தலைவலி. ஆண்டில் பெரும்பாலான நாள் வெயிலும் மிதமான குளிரும் உள்ள சான் டியாகோவில் அது இன்னும் கடினம். ஊரின் தட்பவெப்பமே பாதி விளம்பரம்.

சான் டியாகோ அமைப்பு இதைத் தெரிந்தே வைத்திருக்கிறது. பணம் கேட்டு வரும் ஒவ்வொரு நிகழ்ச்சியும், ஒவ்வொரு விளம்பரத் திட்டமும், செலவிடும் டாலருக்கு எத்தனை அறை இரவுகள் விற்கும் என்று கணக்குக் காட்ட வேண்டும். கல்லூரிக் கால்பந்துப் போட்டியானாலும் சரி, மராத்தான் ஓட்டமானாலும் சரி, வெளியூரிலிருந்து வந்து ஓட்டலில் படுத்தவர் எத்தனை பேர் என்பதே அளவுகோல். உள்ளூர்க்காரர் பத்தாயிரம் பேர் ரசித்தார்கள் என்றால் அது இந்தக் கணக்கில் ஏறாது. கேட்கக் கறாராகத் தெரிந்தாலும், இது நிர்வாகத் திறமையால் மட்டும் வந்த கறார் இல்லை. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துகிறது.

2010இல் கலிபோர்னியா வாக்காளர்கள் 26ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். அரசு விதிக்கும் எந்தக் கட்டணமும் வரியே, சில விதிவிலக்குகளைத் தவிர என்றது அது. அந்த விலக்குகளில் முக்கியமானது, கட்டணம் கட்டியவருக்கு மட்டுமே நேரடியாகக் கிடைக்கும், கட்டாதவருக்குக் கிடைக்காத ஒரு பலன். ஆகவே 2 சதவீதத்தைக் கட்டணம் என்று நிலைநாட்ட வேண்டுமானால், அதன் பலன் விடுதிகளுக்கு மட்டும் போய்ச் சேருகிறது என்று காட்டியாக வேண்டும். கடற்கரைக் கழிப்பறையைக் கழுவவோ உயிர்காப்பாளருக்குச் சம்பளம் தரவோ அதைச் செலவழித்தால் பலன் ஊருக்கே போய்விடும். அப்போது அது வரி, வரியென்றால் மக்கள் வாக்களித்திருக்க வேண்டும். பொதுநலனுக்குச் செலவழித்தால் செல்லாது, தனிநலனுக்குச் செலவழித்தால்தான் செல்லும் என்ற இந்த நிலை முதன்முறை கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். இரண்டாம் முறை கேட்டாலும் விசித்திரம்தான்.

இந்தக் கட்டணத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களின் வாதமும் எளிமையானது. சட்டப்படி கட்டணம் விடுதியின் மீது; ஆனால் விடுதி அதை அப்படியே பில்லில் ஏற்றி விருந்தினரிடம் வாங்கிக்கொள்கிறது. கட்டுகிறவர் விருந்தினர், பலன் பெறுபவர் விடுதிக்காரர் என்றால், கட்டியவருக்கே பலன் என்ற விலக்கு எங்கே பொருந்துகிறது?

2012இல் வட்டாரத்தைப் புதுப்பித்தபோது அதன் ஆயுளை 39 ஆண்டு 6 மாதம் என்று வைத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர் என்ற அப்போதைய கணக்கிலேயே மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டும். நகரமன்றம் ஒப்புதல் தந்துவிட்டது. ஆனால் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் மேயர் கையெழுத்திட வேண்டும். அந்த டிசம்பரில் பதவியேற்ற மேயர் பாப் ஃபில்னர் போட மாட்டேன் என்றார். வழக்கில் தோற்றால் நகரத்துக்கு வரும் நஷ்டத்தை விடுதிகள் ஏற்க வேண்டும், ஓட்டல் தொழிலாளர்களுக்கு நியாயமான கூலி தர வேண்டும், ஒப்பந்தக் காலத்தைக் குறைக்க வேண்டும், 2015இல் வரவிருந்த பல்போவா பூங்கா நூற்றாண்டு விழாவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டார். வசூல் நடந்துகொண்டே இருந்தது, பணம் மட்டும் நகரத்தின் கையிலேயே முடங்கியது. அந்தப் பணத்தில் நகர விளம்பரம் செய்யும் சுற்றுலா ஆணையம் ஆட்களைக் குறைத்தது; வசந்தகால விளம்பரம் நின்றது; விடுதிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். மாதக்கணக்கில் இழுபறி ஓடிய பிறகே பணம் நகர்ந்தது.

ஃபில்னர் 2013 ஆகஸ்டில் வேறு விவகாரத்தில், பாலியல் தொல்லைப் புகார்களில், பதவி விலக நேர்ந்தது. அதனால் அவர் எழுப்பிய கேள்விகளும் அவரோடு சேர்ந்து மதிப்பிழந்தன. என் பார்வையில் அது நகரத்துக்கு இழப்பு. ஆள் எப்படிப்பட்டவராக இருந்தாலும், நகரத்தின் அதிகாரத்தால் வசூலாகும் பணத்தில் அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணின் கூலியைப் பற்றிப் பேச நகரத்துக்கு உரிமை உண்டா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேரான பதில் கிடைக்கவே இல்லை. 2016இல் கட்டணத்தை 70 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதிகளோடு நிறுத்திக்கொண்டு சிறிய விடுதிகளை விடுவித்தார்கள்.

விடுதிக்காரர்களின் கை எதுவரை நீளலாம் என்பதற்கு எல்லைக்கோடு போட்டது இன்னொரு வழக்கு. காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேல் கூடும் காமிக்-கான் விழா இடம் போதாமல் வேறு ஊருக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தில், மாநாட்டு மண்டபத்தை விரிவாக்க 52 கோடி டாலர் திட்டம் ஒன்றை நகரம் தீட்டியது. பணத்துக்கு ஒரு சிறப்பு வரி. மண்டபத்துக்கு அருகிலுள்ள விடுதிகளுக்கு 3 சதவீதம், சற்றுத் தள்ளி 2, தொலைவில் 1. 2012இல் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் விடுதி நில உரிமையாளர்களும் குத்தகைதாரர்களும் மட்டுமே. பெருவாரியாக நிறைவேறியது. 2014 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வரிக்கு வாக்களிக்க வேண்டியவர்கள் நகரத்தின் பதிவுபெற்ற வாக்காளர்கள். நிலம் வைத்திருப்பதால் ஒரு நிறுவனம் வாக்காளராகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். விளம்பரத்துக்கான கட்டணத்தில் கம்பெனிகள் தமக்குள் முடிவெடுக்கலாம், கட்டடத்துக்கான வரியில் முடியாது. விருந்தினருக்கு இரண்டும் ஒரே பில்லில்தான் வருகிறது.

மண்டபத்துக்காக அடுத்து மக்களிடமே போனார்கள். 2020 மார்ச் வாக்கெடுப்பில் 65.24 சதவீத ஆதரவு. மூன்றில் இரண்டு பங்குக்கு மயிரிழையில் குறைவு. தோற்றதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் குடிமக்களே கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் முன்மொழிவுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற நீதிமன்றப் போக்கைப் பிடித்துக்கொண்டு, 2021இல் நகரமன்றம் வெற்றி என்று அறிவித்தது. நான்கு ஆண்டுகள் வழக்கில் உழன்று, 2025 மே 1 முதல் இடத்துக்கேற்ப 11.75, 12.75, 13.75 சதவீதம் என்று புதிய விகிதங்கள் வந்தன. இம்முறை மண்டபத்தோடு வீடற்றோர் நலனும் சாலைச் செப்பனிடலும் சேர்ந்திருந்தன. மக்கள் ஓட்டு வேண்டுமென்றால் மக்களுக்கும் ஏதாவது இருக்க வேண்டும் என்ற எளிய பாடத்தைக் கற்றுக்கொள்ள இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

லாஸ் வேகாஸ் இந்த வம்பையெல்லாம் தொடக்கத்திலேயே தவிர்த்துவிட்டது. 1955இல் மாநிலச் சட்டத்தின் மூலம் ஒரு வாரியம். அறை வரியில் ஒரு பங்கு நேராக அதற்கு. 1959இல் மாநாட்டு மண்டபம். வாரியத்தின் 14 இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் தொழில்துறையினரும் கலந்திருப்பார்கள். 'இங்கே நடப்பது இங்கேயே இருக்கட்டும்' என்ற பொருளில் 2003இல் வந்து உலகப்புகழ் பெற்ற விளம்பரம் அந்த வாரியத்துடையது. ஆனால் பெரிய உண்டியல் என்றால் எல்லார் கண்ணும் படும். 2016இல் ரைடர்ஸ் கால்பந்து அணியை அழைத்துவர மைதானம் கட்டுவதற்கு 75 கோடி டாலர் அரசுப் பங்கை, அறை வரியை 0.88 சதவீதப் புள்ளி உயர்த்தித் திரட்ட மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்தது. மைதானம் திறந்த 2020இல் கொரோனாவால் அறைகள் காலியாகக் கிடந்தன; கடன் தவணைக்குக் கையிருப்பைத் தொட வேண்டியதாயிற்று. பயணிகளை நம்பிய நிதியின் பலவீனம் அது. ஆள் வராத காலத்தில்தான் விளம்பரம் தேவை. அப்போதுதான் பணமும் இருக்காது.

ஜப்பானின் கியோட்டோவில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. அங்கே 2018 அக்டோபரில் அறை வரி வந்தது, இரவுக்கு ஒருவருக்கு 200, 500, 1,000 யென் என்று மூன்று படிகளில். பள்ளிச் சுற்றுலா மாணவர்களுக்கு விலக்கு. நகரப் பேருந்தில் உள்ளூர்க்காரருக்கு இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம் பெருகியபின், 2026 மார்ச் முதல் ஒருவருக்கான இரவுக் கட்டணம் ஒரு லட்சம் யென்னோ அதற்கு மேலோ இருந்தால் 10,000 யென் வாங்க முடிவு செய்தார்கள். ஆட்களைக் கூட்டுவதைவிட, வந்த ஆட்களால் ஊர் படும் பாட்டைச் சமாளிப்பதே இந்தப் பணத்தின் முதல் வேலை. அறை வரி ஓரளவு அமைதியாக ஏற்கப்பட்ட அதே ஊரில், 1985இல் கோயில் நுழைவுச்சீட்டின் மேல் 50 யென் வரி போட்டபோது பெரிய பௌத்தக் கோயில்கள் கதவையே சாத்திப் போராடின. 1988இல் நகரம் அதைக் கைவிட்டது. வசூலிக்கும் இடத்தில் இருப்பவர் ஒத்துழைக்காவிட்டால் எந்த வரியும் நிற்காது.

இங்கிலாந்தில் நகரங்களுக்கு அறை வரி போடும் அதிகாரமே இல்லாதிருந்தது. அதனால் மான்செஸ்டர் சான் டியாகோவின் பக்கத்துக் கதவையே தட்டியது. நகர மையத்திலும் அதை ஒட்டிய சால்ஃபோர்டின் ஒரு பகுதியிலும் உள்ள விடுதிகள் வாக்களித்து, 2023 ஏப்ரல் முதல் அறைக்கு இரவொன்றுக்கு ஒரு பவுண்டு. முதல் ஆண்டில் சுமார் 28 லட்சம் பவுண்டு திரண்டது. மாநாடுகளை ஈர்ப்பதோடு தெருத் துப்புரவுக்கும் அதிலிருந்து செலவிட முடிகிறது. அங்கே கலிபோர்னியாவின் கெடுபிடிச் சட்டம் இல்லை. ஆயுளும் 39 ஆண்டு கிடையாது. பிரிட்டிஷ் சட்டப்படி இத்தகைய ஏற்பாடு 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுவாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். வாக்களித்த விடுதிகளின் எண்ணிக்கையிலும் அவற்றின் சொத்து மதிப்பிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை கிடைக்க வேண்டும்.

இதற்கிடையில் 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், இங்கிலாந்தின் மேயர்களுக்கே இரவுத் தங்கல் வரி விதிக்கும் அதிகாரம் தரப்போவதாக பிரிட்டன் அரசு அறிவித்தது. 2028இல் மான்செஸ்டர் விடுதிகள் மறுபடியும் வாக்குச்சீட்டை நிரப்ப வேண்டும். அதற்குள் மேயரின் வரியும் வந்துவிட்டால், தாங்கள் முடிவெடுக்கும் ஒரு பவுண்டையும் மேயர் முடிவெடுக்கும் இன்னொரு தொகையையும் ஒரே விருந்தினரிடம் வாங்க விடுதிக்காரர்கள் சம்மதிப்பார்களா, அல்லது முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதில் தங்களுக்கு ஒரு நாற்காலி கேட்பார்களா என்பது அந்த வாக்கெடுப்பில் தெரியும்.